அலமாரியில் ஒரு தட்டு காலி

பதினோரு மணி டீ வந்த நேரம், எங்கள் பள்ளிப் பொறுப்பாளர் ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், ஓவியப் பிரிவுக்காரர், இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "மேடம், இங்க எல்லாரையும் விட நீங்கதான் ரொம்ப நாளா இருக்கீங்க. நம்ம ஸ்கூலோட வரலாற ஒரு முப்பது பக்கம் எழுதித் தந்துடுங்க" என்றார். வரலாறு என்ற சொல் காதில் விழுந்ததுமே டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

கடிதத்தில் இருந்தது இதுதான். பல்கலைக்கழகம் வெளியூர்களில் நடத்தும் பள்ளிகளை ஒரு குழு பார்வையிட வருகிறது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆண்டு தொடங்கி ஓர் ஆண்டுகூட விடாமல் வகுப்பு நடந்திருக்கிறது என்று காட்டும் பள்ளி அந்த ஊரிலேயே இருக்கலாம். காட்ட முடியாத பள்ளியைத் தலைமை வளாகத்தோடு சேர்த்துவிடுவார்கள். விருத்தாசலத்தில் இருக்கும் எங்கள் நுண்கலைப் பள்ளிக்கு மூன்று வாரம் கெடு.

தலைமை வளாகம் பஸ்ஸில் மூன்று மணி நேரம். சேர்ப்பது என்றால் எங்களுக்கு மூடுவதுதான். முதலாண்டில் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்கள். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவள் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வீட்டில் பேச்சு வாங்குவாள். வேப்பூர் நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர், சேர்க்கை அன்றே என் எதிரில் மகளிடம் சொன்னார்: "விருத்தாசலம்னா படி. அதுக்கு மேல ஒரு ஊரு கெடையாது, சொல்லிட்டேன்." அவள் தலையை ஆட்டினாள். சிற்பத்தில் நல்ல கை அவளுக்கு. பள்ளி போனால் அவள் ஓட்டலில் இலை போட வேண்டியதுதான்.

ஆகவே எழுத உட்கார்ந்தேன். தொடக்கத்தை எழுதுவது சுலபமாக இருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் வைக்கோல் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கில்தான் எங்கள் பள்ளி பிறந்தது. பொம்மையும் கோப்பையும் அனுப்பும்போது உடையாமலிருக்கச் சுற்றும் வைக்கோல். அதன் தூசியில் தும்மிக்கொண்டே பிள்ளைகள் குயவர் சக்கரம் சுற்றக் கற்றார்கள். ஓவிய வகுப்பில் பார்த்து வரைவதற்குப் பழமும் கூஜாவும் வைப்பார்கள் என்று புத்தகத்தில் இருக்கும். எங்கள் ஊரில் பழம் வைத்தால் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். அதனால் கம்பெனிகளில் கழித்துப் போட்ட வெஸ்டர்ன் கக்கூஸைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். எங்கள் முதல் ஐந்தாறு வருட ஓவியர்கள் வெளிச்சமும் நிழலும் கற்றது கக்கூஸைப் பார்த்துத்தான். இதை வரலாற்றில் எழுதினேன். பொறுப்பாளர் சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் சரி, முதலாண்டில் ஒவ்வொருவரும் சக்கரத்தில் ஒரு கோப்பை செய்தாக வேண்டும். அந்த முதல் கோப்பை வீட்டுக்குப் போகாது. அடியில் காவியைக் குழைத்து அவரவர் வரிசை எண்ணும் ஆண்டும் எழுதுவோம். சூளையில் வெந்தபின் காவி கறுப்பாகி மண்ணோடு ஒட்டிப்போகும், சுரண்டினாலும் வராது. பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் போட்டு மறுபடி சுட்டு, நீள அலமாரியில் வைப்போம். ஓர் ஆண்டுக்கு ஒரு தட்டு. வாய் கோணியது, அடி பருத்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, எல்லாம் அங்கே இருக்கும். இதை யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் பயிற்றுநராகச் சேர்ந்தபோதே இருந்தது.

அந்த அலமாரியைப் பார்த்துத்தான் பொறுப்பாளருக்குத் தைரியம் வந்தது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம் வரை தின்று தீர்த்திருந்தது. மற்ற ஆண்டுகளுக்குத் தலைமை வளாகத்தில் தேர்வு முடிவுகள் இருந்தன. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் எங்கேயும் எதுவும் இல்லை. பழைய நிர்வாகம் "ஒப்படைச்சிட்டோம்" என்றது, புதிய நிர்வாகம் "வரவே இல்ல" என்றது. கேட்பதற்கு ஆள் இல்லாத வருடம் அது.

"காயிதம் போனா போகுது மேடம். நம்மகிட்ட கப்பு இருக்குதே! அடியில நம்பரும் வருஷமும் சுட்டு வெச்சிருக்கீங்க. அந்த வருஷத்து தட்ட அப்படியே போட்டோ எடுத்து வெச்சிடுவோம். கல்வெட்டு மாதிரி" என்றார்.

"பாக்கறேன் சார்" என்றேன்.

நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆண்டின் தட்டு காலி. முன்னால் சார்ட் சுருள்களை அடுக்கி மறைத்து வைத்திருந்ததே நான்தான். இருபது வருடமாக ஒவ்வொரு முறை அலமாரியைத் துடைக்கும்போதும் அந்தச் சுருள்களை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் திருப்பி வைப்பேன். வேறு யாரையும் துடைக்க விடமாட்டேன். மேடத்துக்கு அலமாரி மேல் எவ்வளவு பாசம் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் எங்களை ஏற்றுக்கொண்ட ஆண்டில் ஒரு விழா வைத்தார்கள். கட்டட வாசலில் சுடுமண்ணில் பெரிய புடைப்புச் சிற்பம் ஒன்று வேண்டும் என்று திடீரென்று சொன்னார்கள். ஆறு அடி உயரம், எங்கள் ஊர் மணிமுத்தாறும் கோயில் கோபுரமும் சக்கரம் சுற்றும் கைகளும். எனக்கு அப்போது வயது முப்பதுகூட இல்லை. வேலை நிரந்தரமாகவில்லை. முடியாது என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. பெரிய உருவத்தை வெறும் களிமண்ணில் செய்தால் காயும்போதே பாளம் பாளமாக வெடிக்கும். ஏற்கெனவே சுட்ட மண்ணைப் பொடித்துக் கலந்தால்தான் தாங்கும். கடைசிப் பகுதிக்கு வரும்போது பொடி தீர்ந்துவிட்டது. பேட்டையில் இரண்டு நாள் கடையடைப்பு. கிளேஸ் போட்ட பாண்டத்தைப் பொடித்தால் கண்ணாடிச் சில்லாகிக் கையைக் கிழிக்கும், அது உதவாது. கிளேஸ் போடாமல் ஒரு முறை மட்டும் சுட்ட பொருள் அன்று பள்ளியில் இருந்தது ஒன்றுதான். அந்த ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரின் முதல் கோப்பைகள்.

மறுபடி செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். இரும்பு உலக்கையை எடுத்து, சாக்கில் போட்டு இடித்தேன். குயவனுக்கு ஆறு மாசம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்பார்கள். நான் ஒரே ஆளாக இரண்டு வேலையும் பார்த்தேன். அரை நாழிகைகூட ஆகவில்லை.

சிற்பம் வெடிக்காமல் வெந்தது. விழாவில் கைதட்டினார்கள். இன்றும் வாசலில் நிற்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் செம்மண் நிறத்தில் அங்கங்கே வெளிர்ப்புள்ளிகள் தெரியும்.

ஒன்பது பேரும் கோப்பை எங்கே என்று கேட்டார்கள். "சூளையில வெடிச்சிடுச்சி" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பொய் சொல்கிறவளுக்கு ஒரு பொய் போதாதே. "மண்ண சரியா பெசையாம வெச்சிருக்கீங்க. உள்ள காத்து நின்னிருக்குது. கையில பொறுமை இருக்கணும்" என்று ஒரு பாடமும் எடுத்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். மறுபடி செய்தாலும் அது முதல் கோப்பை ஆகாது என்று யாரும் செய்யவில்லை, தட்டு காலியாகவே நின்றது.

இப்போது அந்தத் தட்டின் முன்னால் நின்றேன். குழு வர இரண்டு வாரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒன்பது கோப்பை. அடியில் ஒன்று முதல் ஒன்பது வரை எண், பக்கத்தில் ஆண்டு. காவி எப்போது எழுதியது என்று எந்தக் குழு கண்டுபிடிக்கப் போகிறது? எங்களைத் தவிர யாருக்கும் வராத கள்ளத்தனம் இது. காகிதத்தைப் பொய்யாகத் தயாரித்தால் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். மண்ணுக்கு ஒன்றும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்தேன். முதல் கோப்பை எழுந்தது. சுவர் ஒரே கனத்தில், வாய் வட்டமாக, அடி கச்சிதமாக. பார்த்ததுமே எரிச்சல் வந்தது. முதன்முதலாகச் சக்கரம் தொட்ட பிள்ளை செய்கிற கோப்பையா இது? நசுக்கிப் போட்டு மறுபடி தொடங்கினேன். வேண்டுமென்றே கையை நடுங்க விட்டேன். கோணியது, ஆனால் அழகாகக் கோணியது. பெரிய கலைஞர் யோசித்துக் கோணியதைப் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். இடது கையால் இழுத்தேன். என்ன செய்தாலும் விரல்கள் தாமாகப் போய்ச் சரிசெய்துவிட்டன. இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் "கை தானா பழகும்" என்று சொல்லி வந்திருக்கிறேன். பழகிய கையைப் பழக்கம் மறக்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் ஆகி, முதுகு விட்டுப்போய், ஒருவழியாக ஒன்பது தேறின. அவற்றை மட்டமானவை என்று சொல்லலாம். முதல் கோப்பை என்று சொல்ல முடியாது. எனக்கே அது தெரிந்திருந்தும், குழுவுக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காவியைக் குழைத்தேன்.

காய்ந்து, சூளைக்குள் போகும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. சூளைக் கதவின் சிறு துளையில் கண்ணை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒருபுறம் வெடித்துத் தொலையட்டும் என்று வேண்டினேன், மறுபுறம் வெடித்துவிடக் கூடாதே என்று பதறினேன். சாமிக்கே குழம்பியிருக்கும்.

சூளையைத் திறந்த நாளில்தான் ஒரு பழைய மாணவி வந்தாள். பொறுப்பாளர் எனக்குச் சொல்லாமலே பழைய மாணவர்களின் வாட்சப் குழுக்களில் செய்தி போட்டிருக்கிறார்: அந்த ஆண்டில் படித்தவர்கள் யாராவது இருந்தால், கையில் இருக்கும் எதையாவது கொண்டு வாருங்கள். நான் சூளையிலிருந்து கோப்பைகளை எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன், கிளேஸ் போட்டு மறுபடி சுடுவதுதான் பாக்கி. "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. திரும்பினால், சானிட்டரி கம்பெனியின் நீல மேல்கோட்டு, கழுத்தில் சின்னச் சிலுவை. நாற்பது வயதை நெருங்குகிறவள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. இடது கைக்காரி என்பதால் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஷிப்ட் முடிஞ்சி நேரா வரேன் மேடம். செக்கிங்ல இருக்கறேன். சர்ச்சு தெருவுலதான் வூடு" என்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து தன் பழைய அடையாள அட்டையையும் ஒரு போட்டோவையும் எடுத்து நீட்டினாள். கிடங்குச் சுவருக்கு முன்னால் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பலகை, பலகைமேல் ஈரம் காயாத கோப்பை. பின்னால் கரும்பலகையில் வகுப்பும் தேதியும் சாக்பீஸில் எழுதியிருக்கிறது. என் கண் அந்தத் தேதியிலேயே நின்றது. பள்ளிக்கு வேண்டியது அதுதான். இந்த ஒரு படத்துக்காகவா இரண்டு வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று இருந்தது. அதற்குள் அவள் மேஜைப் பக்கம் போய்விட்டாள்.

தொழில் புத்தி. ஒரு கோப்பையை எடுத்து, காதருகே வைத்து, விரல் மூட்டால் தட்டினாள். "கிராக் இல்ல" என்றாள். அடுத்ததை எடுத்தாள். தட்டினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"மேடம்! இது என் நம்பரு! ஆறு! எங்க வருஷம்! வெடிச்சிடுச்சின்னு சொன்னீங்களே மேடம்... இருந்திச்சா?"

அவள் கட்டைவிரலைக் கோப்பைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். போட்டோவை எடுத்துப் பார்த்தாள். மறுபடி கோப்பையைப் பார்த்தாள். மலர்ந்த முகம் மெதுவாக இறங்கியது.

"இது என்னுது இல்ல மேடம். என்னுதுக்கு வாயி ஒரு பக்கம் தொங்கும், போட்டோல பாருங்க. இது புது மண்ணு. சூடுகூட ஆறல." கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்கு மேடம் என் நம்பர எழுதி வெச்சிருக்கீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருபது வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அன்று முடியவில்லை. சொல்லிவிட்டேன். விழா, பொடி தீர்ந்தது, உலக்கை, சாக்கு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். பள்ளியைக் காப்பாற்றத்தான் இந்தப் புதுக் கோப்பைகள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வெடிக்கவே இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"என் கையில காத்து நிக்கும்னு நெனச்சிட்டேன் மேடம். இடது கைக்காரி பெசைஞ்சா அப்படித்தான் ஆவும்போலன்னு. அதுக்கப்புறம் சக்கரத்துகிட்டயே போவல. கம்பெனியில மண்ண அச்சுல ஊத்தற மோல்டிங்ல போடறேன்னாங்க, நான்தான் செக்கிங் கேட்டு வாங்கினேன். மத்தவங்க செஞ்சத தட்டிப் பாக்கறதுல என் கை எதையும் கெடுக்காதுன்னு."

போட்டோவையும் அட்டையையும் கவருக்குள் திரும்ப வைத்தாள். கவரின் வாயை இரண்டு முறை மடித்தாள். அந்தப் போட்டோவைக் கொடு என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்கவும் இல்லை. "யோசிச்சி சொல்றேன் மேடம். போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குழு வருவதற்கு மூன்று நாள் இருந்தது.

பொறுப்பாளர் சூளை அறைக்கு வந்து மேஜையைப் பார்த்து உற்சாகமானார். "அதான் ஒம்பதும் இருக்குதே மேடம்! ஏன் மொகத்த இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார். அவரிடமும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க சொன்னாதானே தெரியும்? பாதிப் பொண்ணுங்க படிப்ப விட்டுடும் மேடம். யோசிங்க" என்றார். அவரைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன கணக்கை நானும் போட்டவள்தான். வேப்பூர் ஓட்டல்காரரின் மகள் அப்போது வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு ஜன்னல் வழியாக வந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் மனம் மாறிவிடும் என்று பயந்தேன். உலக்கையை எடுத்து வந்தேன். ஒன்பதையும் சாக்கில் போட்டு அவர் எதிரிலேயே இடித்தேன். "மேடம், மேடம்" என்று எழுந்தார். நிறுத்தவில்லை. கோபம் அவர்மேல் இல்லை, அன்று முப்பது வயதுகூட ஆகாத என்மேல், அந்தப் பயந்தாங்கொள்ளிமேல்.

அன்றே வரலாற்றில் அந்த ஆண்டுக்கான பக்கத்தை எழுதினேன். பதிவேடு இல்லாததற்கு முன்பு எழுதியிருந்த "நிர்வாக மாற்றத்தின் காரணமாக" என்ற தொடரை அடித்தேன். ஒன்பது பேர் படித்தார்கள், ஒன்பது கோப்பை செய்தார்கள், அவற்றை நான் இடித்து வாசல் சிற்பத்தில் கலந்தேன், வெடித்துவிட்டது என்று பொய் சொன்னேன் என்று எழுதினேன். பொறுப்பாளர் படித்தார். "நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறோம்" என்றார். ஆனால் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஓர் அம்மாள். காலையிலேயே வந்துவிட்டார்கள். வகுப்புகளைப் பார்த்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள். சார்ட் சுருள்களை நான் முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தேன். வரிசையாகக் கோப்பைகள், நடுவில் ஒரு தட்டு காலி. முன்வரிசைப் பல் விழுந்த வாயைப் போலத் தெரிந்தது. அந்த அம்மாள் அங்கேயே நின்று, "இது எந்த வருஷம்?" என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன்.

அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க ஒளிவுமறைவு இல்லாம சொன்னது சரிங்க. ஆனா நீங்க சொல்றத மட்டும் வெச்சி நாங்க எழுத முடியாது. வகுப்பு நடந்ததுக்கு ஆதாரம்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வாசல் சிற்பத்தைக் காட்டினேன். மூவரும் கிட்டத்தில் போய் அதன் புள்ளிகளைப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது ஆதாரம் ஆகாது என்று எனக்கும் தெரிந்திருந்தது. வேப்பூர்ப் பெண்ணின் அப்பா முகம் கண்முன் வந்தது.

ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. நீல மேல்கோட்டோடு அவள் இறங்கினாள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் நெருக்கியடித்து இறங்கினார்கள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தாலும் அத்தனை பேரையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் பக்கம் அவள் பார்க்கவில்லை. நேராக அந்த அம்மாளிடம் போய்ப் போட்டோவையும், ஐந்து பேரின் அட்டைகளையும் கொடுத்தாள். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரும்பலகைத் தேதியைப் படித்தார். ஆண்களிடம் காட்டினார். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இதுல நீங்க யாரும்மா?"

"ஆறாவது ஆளுங்க. வாயி தொங்குற கப்பு வெச்சிருக்கறது."

"இந்தக் கப்பத்தான் இடிச்சிட்டதா மேடம் சொல்றாங்க, இல்லியா?"

அவள் சிற்பத்தின் பக்கம் திரும்பினாள். சக்கரம் சுற்றும் கைகள் இருக்கும் இடத்தில், தன் இடது உள்ளங்கையை வைத்தாள். பழக்கதோஷம், விரல் மூட்டால் ஒரு தட்டும் தட்டினாள்.

"ஆமாங்க. இதுக்குள்ளதான் இருக்குது. இடிச்சாங்க. வெடிக்கல" என்றாள்.

கடைசிச் சொல்லை அவள் அந்த அம்மாளுக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பள்ளி விருத்தாசலத்திலேயே இருக்கும். பொறுப்பாளர் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் செய்ததற்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் முடிவு தெரியவில்லை. தபால் வரும் நேரத்தில் இன்னும் வாசலுக்கு வந்து நிற்கிறேன். ஆனால் குழு வந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதன் பிற்பகல்.

குழுவின் கார் போனது. ஆட்டோவில் வந்த மற்றவர்களும் கிளம்பினார்கள். அவள் மட்டும் வாசலில் நின்றாள். பிறகு சூளை அறைக்கு வந்து, மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஒரு உருண்டை மண்ணு தாங்க மேடம்."

ஈரச் சாக்கை விலக்கி எடுத்துக் கொடுத்தேன். பலகையில் வைத்துப் பிசையத் தொடங்கினாள். இடது கையை முன்னால் வைத்து அழுத்தினாள், மடித்தாள், திருப்பினாள், மறுபடி அழுத்தினாள். ஒரு கோப்பைக்கு ஐந்து நிமிடம் பிசைந்தால் தாராளம். பத்து நிமிடம் ஆனது. கம்பியால் மண்ணை இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெண்ணெயை அறுத்தது மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு துளை இல்லை. இரண்டையும் ஒட்டி மறுபடி பிசைந்தாள். மறுபடி அறுத்தாள். நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது. சக்கரம் பக்கத்திலேயே இருந்தது, அதன் பக்கம் போகவில்லை.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "போதும்மா. காத்து இல்ல" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"அன்னிக்கும் இல்லம்மா."

"தெரியுது மேடம்" என்றாள். மண்ணை மறுபடி மடித்து அழுத்தினாள்.